பூட்டிய கடைக்குள் ஒரு சித்திரக்கதை

மகளுக்குப் பிடித்த விஞ்ஞானக்கதை எழுத்தாளர் ஆரம்பத்தில் சித்திரக்கதைகள்தான் எழுதினாராம். அவற்றின் மறுபதிப்பை மூன்று மாதம் தேடி, கண்டியில் ஒரு பழைய புத்தகக் கடையில் கண்டெடுத்த அன்றுதான் ஊரடங்குச் சட்டம் போட்டார்கள். தெல்தெனியப் பக்கம் முஸ்லிம் கடைகள் எரிவதாகச் சொல்லி, கடைக்காரர் என்னையும் உள்ளே வைத்து ஷட்டரை இழுத்துப் பூட்டினார். தெல்தெனியவில்தான் எங்கள் வீடு. மகள் அங்கே தனியாக இருந்தாள்.

அவளுக்குப் போன் எடுத்தேன். "வாப்பா, ரோட்டுல சத்தம் கேக்குது" என்றாள். பக்கத்து வீட்டுச் சாச்சி பின்கதவால் வந்து கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தாராம். அதுவரை போனை வைக்கப் பயந்து, கையிலிருந்த புத்தகத்தை அவளுக்கு வாசித்தேன்.

"நியூஸ் வாசிக்கிற மாதிரி வாசிக்கிறீங்க. படத்தையும் சொல்லுங்க வாப்பா."

கட்டம் கட்டமாகச் சொன்னேன்: ராக்கெட், இரண்டு நிலா, ஜன்னலில் ஒரு முகம். "எப்படி முகம்?" என்றாள் மெதுவாக.

"சிரிக்கிற முகம், மகள்" என்று பொய் சொன்னேன்.

பதினோராம் பக்கத்தில், "சாச்சி வந்துட்டாங்க" என்றாள். இணைப்பு அறுந்தது. பதினோராம் பக்கம் முடியும்வரை நான் சத்தமாக வாசித்துக்கொண்டே நின்றேன். கடைக்காரர் நிறுத்தச் சொல்லவில்லை.