இரண்டு பேர் பிடிக்கும் ரம்பம்

தொண்ணூறுகளில், திருநெல்வேலி ஜங்ஷன் மிஷின் கடையில் அவரைச் சந்தித்தேன். மரம் வெட்டுகிறவர். நான் பம்புசெட்டுக்கு வாஷர் வாங்கப் போயிருந்தேன். படித்தவன் என்று நம்பிய கடைக்காரர், இரண்டு பவர் ரம்பங்களின் இங்கிலீஷ் புத்தகங்களை என் கையில் திணித்து, அவருக்கு விளக்கச் சொன்னார். கத்தரிக்காயைக்கூடக் கோணலாக நறுக்கும் நான் குதிரைசக்தி பற்றி உரையாற்றினேன்.

மரம் வெட்டுகிறவருக்கு ஐம்பது வயதிருக்கும். வலது தோள் இறங்கியிருந்தது. எதற்கும் பதில் சொல்லுமுன் காதுக்குள் விரலை விட்டு மரத்தூளைத் தேடுவார்.

இரண்டுமே பெரிய ரம்பங்கள்தான். ஒன்றை ஒரே ஆள் பிடித்து அறுக்கலாம். மற்றது இன்னும் நீளம், இன்னும் கனம். இன்னொரு ஆள் பிடிக்க அதன் நுனியிலும் கைப்பிடி உண்டு. அவர் அதையே தடவிக்கொண்டிருந்தார்.

"ஒத்தையில வேலை பாக்குத ஆளு நீரு. தோளும் போச்சி. ரெண்டு பேரு மிஷினு உமக்கு எதுக்குவே?" என்றார் கடைக்காரர்.

அவர் காதைக் குடைந்தபடி என்னைப் பார்த்தார். "கைரம்பத்துல அந்தப் பக்கம் என் தம்பிதான் சார் இழுப்பான். ஒருநா, ஒனக்கு இழுக்கவே தெரியலலேன்னு எல்லார் முன்னாடியும் ஏசிட்டேன். பம்பாய்க்குப் போயிட்டான். மூணு வருசமாச்சி."

"வாரேன்னு எழுதியிருக்காரா?"

"இல்ல சார். ஆனா வந்தாம்னா, எதைப் பிடிப்பான்?"

கனமானதையே வாங்கி, ஏரல் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனார். அதை வைத்துக்கொண்டு தனியாக எப்படி மரம் அறுத்தாரோ, தெரியாது. தம்பிக்கு ஒரு கடிதம் எழுதித் தரட்டுமா என்று நான் கேட்டிருக்கலாம். எனக்குத் தமிழும் எழுத வரும்.