கோழைக்குப் பொங்காத பானை

பால் அடிப்பிடிக்கிற மணம். வேலையிடத்துத் தேநீர் அறையில் யாரோ பாலை அடுப்பில் வைத்துவிட்டு மறந்து போய்விட்டார்கள். மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு யன்னலைத் திறக்க ஓடினார்கள். நான் கோப்பையோடு நின்றேன். அந்த மணம் என்னை ஒவ்வொரு தடவையும் ஒரே வீட்டுக்குத்தான் கூட்டிப்போகும். நான் குடியேறிய நாட்டில், வெரிபீ என்ற புறநகரில், புதுத் தெரு ஒன்றில், வேலிப் பலகையின் வாசனைகூடப் போகாத வீடு. தை மாதம். குசினியில் அக்கா.

ஊரில் சண்டை ஓய்ந்து, பாதை திறந்து, சனம் போய்வரத் தொடங்கியிருந்த காலம் அது. அக்கா வந்தது அந்த ஒரே முறைதான். அம்மா ஊரில் படுத்த படுக்கையாக இருந்தார். பக்கத்து வீட்டுக்காரி பார்த்துக்கொள்வதாகச் சொன்னதால் விசா முடியும்வரை நிற்கலாம் என்று வந்தாள். வந்த அன்றே, பெட்டியைத் திறக்குமுன்பே, "அம்மா இப்ப சாப்பிட்டிருப்பாவோ" என்று சுவர் மணிக்கூட்டைப் பார்த்தாள். அது எங்கள் நேரத்தைக் காட்டியது. அவள் மனதுக்குள் கழித்துப் பார்த்துக்கொண்டாள்.

எண்பத்துநான்கில் நான் நாட்டை விட்டுப் புறப்பட்டபோது அப்பா கைகால் இழுத்துக் கிடந்தார். நாங்கள் இரண்டே பிள்ளைகள். ஒருவர் நிற்க வேண்டும். "நீ போடா தம்பி, நான் நிக்கிறன்" என்றாள். ஒரு முறைதான் சொன்னாள். இரண்டாம் முறை சொல்லட்டும் என்று நான் காத்திருக்கவில்லை. பிறகு அப்பா போனார். ஷெல் விழுந்து வீட்டின் பாதி போனது. அம்மாவைச் சைக்கிள் கரியரில் இருத்தி, மழையில் தள்ளிக்கொண்டு ஊரோடு ஊராக நடந்தாள். கலியாணம் என்ற பேச்சு எந்த வருடத்தில் நின்றது என்று எனக்குத் தெரியாது. இதெல்லாம் எனக்குத் தொலைபேசியில் வந்தது. கேட்டுவிட்டு, ரிசீவரை வைத்துவிட்டு, காலை ரயிலில் இருக்கை கிடைக்காததற்குச் சலித்துக்கொள்கிறவனாக நான் இருந்தேன்.

ஆகவே அக்கா வந்த நாளிலிருந்து ஒரு வாக்கியம் என் தொண்டையில் கிடந்தது. நீ இஞ்சை நில் அக்கா, நான் போய் அம்மாவைப் பார்க்கிறன். சின்ன வாக்கியம். வேலையில் நீண்ட விடுப்புக் கேட்கலாம், கிடைக்கும். மனைவி ஆஸ்பத்திரித் தாதி, அவளது சம்பளத்தில் வீடு ஓடும். எல்லாம் யோசித்துவிட்டேன். சொல்வது மட்டும்தான் பாக்கி.

பள்ளி விடுமுறை. மகள் பள்ளி நூலகத்திலிருந்து ஒரு தடித்த பழைய புத்தகம் கொண்டுவந்திருந்தாள். வேல்ஸ் நாட்டுப் புராணங்களைக் கடைந்து எடுத்த சிறுவர் சாகசக் கதை. மூடுபனி, சிவப்புக் காதுகளோடு வெள்ளை வேட்டைநாய்கள், பூமிக்கு அடியில் ஒரு ராச்சியம், அங்கே ஒரு மாயக் கொப்பரை. அதை மேலே கொண்டுவர ஆடு மேய்க்கிற சிறுமி ஒருத்தி இறங்கிப் போகிறாள். மாமிக்கும், அதாவது அக்காவுக்கும், கதை வேண்டும் என்பதால் மகள் வாசிக்க நான் தமிழில் சொன்னேன். அக்கா கதிரையில் காலை மடக்கி உட்கார்ந்து பயற்றங்காய் உடைத்தபடி கேட்பாள்.

"உந்த நாயளுக்கு ஆர் சாப்பாடு வைக்கிறது?"

"மாமி, தே ஆர் மாஜிக்."

"மாஜிக் எண்டாலும் நாய்தானே பிள்ளை. பசிக்கும்."

ஒரு பின்னேரம் கொப்பரை வந்தது. விளிம்பில் முத்துகள். உள்ளே எப்போதும் ஒரு முணுமுணுப்பு. மகள் வாசித்துக்கொண்டே போனாள். அடுத்த வரி என் காதில் விழுந்தது. நான் அதைத் தாண்டிப் போனேன். "பிறகு அந்தச் சிறுமி கொப்பரையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள்" என்றேன்.

"அப்பா, யூ ஸ்கிப்ட் அ லைன்."

"முக்கியமில்லை அம்மா."

"இட் இஸ் முக்கியம்!" அவள் மாமியின் பக்கம் திரும்பி, தனக்குத் தெரிந்த தமிழைப் பொறுக்கிப் பொறுக்கி வைத்தாள். "மாமி, அந்தப் பானை... பயந்த ஆக்கள் சமைச்சா... கொதிக்காது. நெவர். பயப்பிடாத ஆக்களுக்கு மட்டும்தான் கொதிக்கும்."

அக்கா பயற்றங்காயை உடைக்காமல் கையில் வைத்திருந்தாள். பிறகு சிரித்தாள், குலுங்கிக் குலுங்கி. "நல்ல பானை. கொப்பரை தேநீர் போட விட்டுப் பாப்பம்." எங்கள் ஊர்ப் பேச்சில் 'கொப்பரை' என்றால் 'உன் அப்பாவை' என்றும் ஆகும்.

மகளும் சிரித்தாள். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

பொங்கலுக்கு மண்பானைதான் வேண்டும் என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன். ஸ்பிரிங்வேலில் கடை கடையாக ஏறி இறங்கி, உருண்டை அடியோடு ஒன்று கண்டுபிடித்து, மடியில் வைத்து அசங்காமல் கொண்டுவந்தேன். பின்வளவில் மூன்று செங்கல் வைத்தேன். விறகும் அடுக்கினேன். அக்காவுக்கு ஊரைப் போலவே ஒரு பொங்கல். அதைக் கொடுத்துவிட்டால் வேறொன்றைக் கொடுக்காமல் விடலாம் என்று எனக்குள் ஒரு கணக்கு ஓடியிருக்க வேண்டும்.

விடியவே வடக்குக் காற்று அனல் போல வீசியது. வானொலியில் சொன்னார்கள்: மாநிலம் முழுக்க வெளியில் நெருப்பு மூட்டத் தடை. மனைவி இரவு வேலையிலிருந்து இன்னும் வரவில்லை. பானையைக் குசினிக்குள் கொண்டுபோய், கண்ணாடி போலத் தட்டையான மின்னடுப்பில் வைத்தேன். பால் ஊற்றினேன். மகள் கைநிறைய அரிசியோடு காத்து நின்றாள். பால் பொங்கியதும் எல்லோரும் போட வேண்டும்.

பால் பொங்கவில்லை. அடுப்பு சிவந்தது, அணைந்தது, திரும்பச் சிவந்தது. பால் அசையாமல் ஒரு கண்ணைப் போல என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. சூரியன் வேலிக்கு மேலே வந்துவிட்டது. மகளின் கையில் அரிசி வியர்வையில் ஒட்டத் தொடங்கியது.

"அப்பா, லைக் தி புக்" என்றாள் மெதுவாக. பகிடியாகத்தான் சொன்னாள். எனக்கு முகம் எரிந்தது.

நான் பானையைத் துணியால் பிடித்துத் தூக்கினேன். "வெளியிலை வைச்சுப் பொங்கிறன். ஆர் என்ன செய்யிறதெண்டு பாப்பம்." பின்கதவைக் காலால் தள்ளினேன். அனல்காற்று உள்ளே பாய்ந்தது. வேலிக்கு அப்பால் பொன்னிறமாகக் காய்ந்த புல்வெளி, கண்ணுக்கு எட்டிய தூரம்வரை.

அக்கா வந்து கதவுக்குக் குறுக்கே நின்றாள்.

"எடேய், உன்ரை வீரத்தைக் காட்ட ஊருக்கு நெருப்பு வைக்கப்போறியே? நான் எரிஞ்ச ஊர் பாத்தனான். கொண்டா இஞ்சை."

பானையை என் கையிலிருந்து வாங்கினாள். அடியைக் குனிந்து பார்த்தாள். "விசரா, உருண்டைப் பானை. தட்டை அடுப்பிலை எங்கை முட்டும்? விரலளவு இடந்தான் சுடுது." சோறு காய்ச்சுகிற தட்டையடிச் சட்டியை எடுத்துப் பாலை அதற்குள் மாற்றினாள். மண்பானையில் கட்டியிருந்த மஞ்சள் இலையை அவிழ்த்துச் சட்டியின் கைபிடியில் கட்டினாள். கொஞ்ச நேரத்தில் பால் ஏறியது, நுரைத்தது, வழிந்தது. கண்ணாடியில் பட்டுக் கருகியது. கூரையில் புகைமணி கூவத் தொடங்கியது. "பொங்கலோ பொங்கல்!" என்று அக்கா அதற்கு மேலால் கத்தினாள். மகள் துள்ளித் துள்ளி அரிசியைப் போட்டாள், பாதி தரையில்.

"மாமிக்குக் கொதிச்சிட்டுது! அப்பா, மாமிக்குக் கொதிச்சிட்டுது!"

நான் துவாயை விசிறிப் புகைமணியை அடக்குகிற சாக்கில் கதிரைமேல் ஏறி, அவர்களுக்கு முதுகைக் காட்டி நின்றேன். கீழே அக்கா சொல்வது கேட்டது. "அது சட்டி பிள்ளை. சட்டிதான் காரணம்." மகள் ஒப்புக்கொள்ளவில்லை. அடி முட்டவில்லை என்பது எனக்கும் விளங்கியதுதான். ஆனால் என் மகளின் புத்தகத்துக்கு வேறொரு காரணம் தெரிந்திருந்தது. அன்று முழுக்க வீடு அந்த மணத்தோடு இருந்தது.

அந்த வாக்கியத்தை அதற்குப் பிறகும் பல தடவை எடுத்தேன். பாத்திரம் கழுவும்போது. உடுப்புக் காயப்போடும்போது. ஒருமுறை "அக்கா" என்று தொடங்கி, அவள் திரும்பிப் பார்க்க, "இன்னும் கொஞ்ச நாள் நில்லன்" என்றேன். அது வேறு வாக்கியம். அதைச் சொல்ல ஒருவருக்கும் துணிவு தேவையில்லை.

"அம்மாவை ஆர் பாக்கிறது?" என்றாள். கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தபடி இருந்தாள். சொல்வதற்கான கதவு திறந்துதான் கிடந்தது. நான் தோய்த்த சட்டையை உதறி, கம்பியில் போட்டு, கிளிப்பைத் தேடினேன். அவளே ஒன்றை எடுத்து நீட்டினாள்.

துல்லமரீன் விமான நிலையத்தில் மகள் அவளைக் கட்டிப்பிடித்து, புத்தகத்தின் முடிவைக் காதுக்குள் சொன்னாள். அக்கா தலையாட்டிக் கேட்டாள். பிறகு என்னிடம் வந்தாள். வாக்கியம் நாக்கு நுனிவரை வந்திருந்தது. இன்னும் நேரம் இருந்தது, அவள் அந்தக் கதவுக்குள் போகும்வரை நேரம் இருந்தது.

"அக்கா..."

அவள் காத்திருந்தாள். எண்பத்துநான்கில் நான் காத்திராத அளவுக்குக் காத்திருந்தாள்.

"உன்ரை பிரஷர்க் குளிசையை மறக்காமல் போடு" என்றேன்.

அவள் என் சட்டைக் கொலரைச் சரிசெய்துவிட்டாள். கைப்பையைத் தோளில் மாட்டினாள்.

"உன்னிலையும் பானையிலையும் ஒண்டும் பிழையில்லையடா தம்பி. அடுப்பை மாத்து. நான் போயிட்டு வாறன்."