பிரபுவின் பேச்சுகளைப் படித்த எங்கள் அக்கா

அக்கா எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களில் பலருக்கு, அவர் அத்தனை வருடம் என்ன படித்தார் என்பது தெரியாது. அதைச் சொல்லவே எழுதுகிறேன்.

அக்கா சிதம்பரத்துக்குப் பக்கத்தில் கிள்ளையில் பிறந்தார். அப்பா சீக்கிரமே காலமாகிவிட, அம்மா சத்துணவுக் கூடத்தில் சமைத்து எங்கள் இருவரையும் வளர்த்தார். குடியிருந்த புறம்போக்கு இடத்துக்குப் பட்டா கேட்டு அம்மா கொடுக்காத மனு இல்லை. பரிசீலனையில் இருப்பதாகவே எப்போதும் பதில் வரும். சிதம்பரத்தில் வரலாறு எம்.ஏ. முடித்த அக்கா, கடலூரில் ஒரு கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர் ஆனார். முனைவர் பட்டம் வாங்கினால் வேலை நிரந்தரமாகும் என்று நம்பினோம்.

இரண்டு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் லண்டன் பிரபுக்கள் சபையில் ஒரு பிரபு ஆற்றிய உரைகளே அவர் எடுத்துக்கொண்ட ஆய்வு. இந்தப் பக்கமே வந்திராத அந்த மனிதர், சென்னை மாகாணத்துக் கூலி ஜனங்களுக்குக் குடியிருக்க மனை கொடுங்கள் என்று திரும்பத் திரும்பப் பேசியிருக்கிறார். அமைச்சர் பரிசீலிப்பதாகச் சொல்வார். பிரபு நன்றி கூறித் தீர்மானத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்வார். ஒருமுறையாவது விடாப்பிடியாக ஓட்டெடுப்புக் கேட்டிருப்பார் என்று நம்பி அக்கா சபைக் குறிப்புகளைக் கடைசிவரை படித்தார். கேட்கவே இல்லை. அன்று சாப்பிடாமல் படுத்துக்கொண்டார்.

உள்ளதை உள்ளபடி ஆய்வேட்டில் எழுதினார். வழிகாட்டிப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. பிரபுவின் பேச்சால் விளைந்த நன்மைகளைச் சேர்த்தால்தான் கையெழுத்துப் போடுவேன் என்றார்.

"அவரு பேசுனாரு சார். ஆனா ஒண்ணும் நடக்கல. நடந்துச்சுன்னு என்னால எழுத முடியாது" என்று அக்கா சொன்னதை, உடனிருந்த தோழி பின்னால் எங்களிடம் சொன்னார்.

கையெழுத்து வரவில்லை. பதிவுக் காலம் முடிந்துபோனது. அடுத்த ஆண்டு கல்லூரியிலும் வேலைக்குக் கூப்பிடவில்லை. அதற்குள் சிறுநீரகம் கெட்டிருந்தது. பாடம் எடுக்கப் போன அதே பஸ்ஸில் கடலூருக்கு டயாலிசிஸுக்குப் போனார். உடம்பு கொஞ்சம் தேறிய நாட்களில் வேறு வழிகாட்டி தேடி அலைந்தார். யாரும் ஏற்கவில்லை. பிறகு ஆய்வேட்டைப் பற்றிய பேச்சையே எடுக்கவில்லை. ஆஸ்பத்திரியில் ஒருமுறை மட்டும், "ரெண்டு வரி சேத்திருக்கலாமோடா?" என்று கேட்டார். "இல்லக்கா" என்றேன். நான் சொன்னது சரிதானா என்று இன்றும் தெரியவில்லை.

காட்டுமன்னார்கோயில் மாமா இந்த மலரின் அட்டையில் 'முனைவர்' என்று போடச் சொன்னார். அம்மா சம்மதிக்கவில்லை.

"வேணாண்ணே. அவ பேரு மட்டும் போதும்."

பஸ்ஸில் அக்காவுக்கு இடம் பிடித்துத் தந்த தோழிகளுக்கும், ஊசி குத்தும்போது கையைப் பிடித்துக்கொண்ட நர்சம்மாவுக்கும், இறுதிவரை தோள் கொடுத்த கிள்ளை மக்களுக்கும் எங்கள் நன்றி. ஆய்வேட்டின் பிரதி வீட்டில்தான் இருக்கிறது. படிக்க விரும்புகிறவர்கள் வந்து வாங்கிக்கொள்ளலாம். இதுவரை யாரும் கேட்கவில்லை.