ஈரப்பனிக் கட்சி

நாரணாபுரத்தில் பனி என்றால் மார்கழிக் காலையில் சைக்கிள் சீட்டின் மேல் இருக்கும் ஈரம். அதுவும் எட்டு மணிக்குள் காய்ந்துவிடும். அப்படிப்பட்ட ஊரில், நான் ஐந்தாம் வகுப்பு படித்தபோது, எங்கள் தெருப் பிள்ளைகள் அத்தனை பேரும் பனியின் பேரால் இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போட்டோம். அதற்கு மூலகாரணம் என் மாமா.

மாமா அம்மாவின் கடைசித் தம்பி. சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சகத்தில் கம்ப்யூட்டரில் படம் வடிவமைப்பவர். எந்தச் சாமி படத்தைக் கொடுத்தாலும் பின்னால் ஒரு பனிமலையை நிறுத்திவிடுவார். முதலாளி ஒவ்வொரு வருஷமும் திட்டி எடுக்கச் சொல்வார். ஜனவரி பிறந்தால் காலண்டர் சீசன் முடிந்து அச்சகத்தில் வேலை குறையும். அமெரிக்காவில் பனிப்புயல் சீசன் சூடு பிடிக்கும். மாமாவுக்கு இதைவிடப் பொருத்தம் வேறு என்ன வேண்டும்? உலகத்தில் உள்ள வானிலைப் பைத்தியங்கள் எல்லாம் கூடும் ஒரு இணையக் குழுவில் அவரும் ஒருவர். புயலின் பாதை, காற்றின் வேகம், எந்த ஊரில் எத்தனை இஞ்ச் விழும் என்று கணித்து எழுதுவார். பனியைக் கண்ணால் கண்டிராத அந்த மனிதரின் கணிப்பை அங்கே உள்ளவர்கள் மரியாதையாகக் கேட்டார்கள் என்பதுதான் வேடிக்கை.

அந்தக் குழுவில் ஆளுக்கொரு ருசி. ஒருவருக்குக் காற்றோடு சீறி வரும் பனி பிடிக்கும். இன்னொருவருக்குச் சத்தமில்லாமல் பெரிது பெரிதாக விழ வேண்டும். மாமாவுக்குப் பொடிப்பனி. கோலமாவு மாதிரி உலர்ந்து, ஊதினால் பறக்க வேண்டும். எனக்கோ ஈரப்பனி. பிடித்தால் பிடியாக நிற்க வேண்டும். அதில்தானே பொம்மை செய்ய முடியும்! தெருவில் பாதிப் பிள்ளைகள் மாமா பக்கம், பாதி என் பக்கம்.

எங்கள் வீட்டிலேயே பனி விழும் ஊரில் ஒருத்தி இருந்தாள். சித்தி. அம்மாவுக்கு அடுத்தவள், அமெரிக்காவில் நர்ஸ் வேலை. தனியாகப் போய் ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. அவளுக்குப் பனி என்றாலே ஆகாது. "வழுக்கி விழுந்து விழுந்து முட்டி தேஞ்சு போச்சுக்கா. இதைப் போயி உன் தம்பி கொண்டாடுறான்" என்பாள்.

ஜனவரிக் கடைசியில் ஒரு வியாழக்கிழமை மாமா செருப்பைக்கூடக் கழற்றாமல் வீட்டுக்குள் ஓடி வந்தார்.

"ஏ புள்ள, வருது! சின்னக்கா ஊருக்கே நேரா வருது!"

"எம்புட்டு மாமா?"

"பதினெட்டு இஞ்ச். எழுதி வச்சுக்க. அம்புட்டும் பொடி."

"ஈரமாத்தான் இருக்கும்" என்றேன், எந்த ஆதாரமும் இல்லாமல்.

சனிக்கிழமை மாலை எங்கள் வீட்டுக் கூடத்தில் இருபது பிள்ளைகள். அங்கே அப்போது காலை நேரம். சித்தி டூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். மாமாவின் போனைத் தண்ணீர்ச் சொம்பில் சாய்த்து வைத்திருந்தோம். சித்தி ஜன்னலைக் காட்டினாள். சாம்பல் நிற வானம், ஒரு மரம், ஒன்றுமில்லை. பிறகு ஒரே ஒரு வெள்ளைத் துணுக்கு, அவசரமே இல்லாமல், ஜன்னலைக் கடந்து போயிற்று. அடுத்து இன்னொன்று. கூடம் அதிர்ந்தது. தீப்பெட்டி ஆபீசில் இருந்து வந்துகொண்டிருந்த பக்கத்து வீட்டு அக்காகூட, யாருக்கோ குழந்தை பிறந்துவிட்டது என்று நினைத்து ஓடி வந்தார்.

"டூட்டி முடிஞ்சு வந்து காட்டுறேன். வைக்கட்டுமா?" என்று சித்தி கிளம்பிவிட்டாள்.

எட்டு மணிக்கு வீட்டு ஜெபம். அம்மா கண்ணை மூடி, "கர்த்தாவே, அந்தப் பனியை நிறுத்தும், என் தங்கச்சியைப் பத்திரமா வீடு சேர்த்தருளும்" என்று ஜெபித்தாள். நான் அம்மாவின் பக்கத்தில் முழங்காலிட்டு, உதடு அசையாமல், "கர்த்தாவே, நிறுத்தாதேயும். இன்னும் பத்து இஞ்ச் தாரும். ஈரமாத் தாரும்" என்று கேட்டேன். இரண்டு விண்ணப்பமும் ஒரே வீட்டில் இருந்து ஒரே நேரத்தில் போயிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை சித்தியின் போன் கிடைக்கவில்லை. கோயிலுக்குப் போகும் முன் அம்மா கூப்பிட்டாள்; வந்து கூப்பிட்டாள்; சோறு வடித்துவிட்டுக் கூப்பிட்டாள். அணைத்து வைக்கப்பட்டிருப்பதாக ஒரு பெண்குரல் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே இருந்தது. மாமா அந்த ஊர்ச் சாலையைக் காட்டும் கேமரா ஒன்றைத் தேடிப் பிடித்தார். திரையில் வெறும் வெள்ளை. சாலை எது, வானம் எது என்று தெரியவில்லை. மாமாவின் குழுவில் எல்லோரும் கொண்டாடிக்கொண்டிருந்தார்கள். அவர் எதுவும் எழுதவில்லை.

"நீதான வேணும் வேணும்னு கெடந்த" என்றாள் அம்மா. "இப்ப எங்கடா என் தங்கச்சி?"

மாமா தலையைக் குனிந்துகொண்டார். திட்டு அவருக்கு விழுந்தாலும் குற்றவாளி நான்தான் என்பது எனக்குத் தெரியும். பத்து இஞ்ச் கூடுதலாகக் கேட்டது யார்? அன்று பின்வாசலில் நின்று, கேட்டதைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொல்லி மூன்று முறை ஜெபித்தேன். ஈரமாக வேண்டாம், பொடியாகவே இருக்கட்டும் என்றும் விட்டுக்கொடுத்தேன்.

திங்கட்கிழமை மாலை, நான் பள்ளிச் சீருடையைக்கூட மாற்றவில்லை, மாமா தெருமுனையில் இருந்தே கத்திக்கொண்டு வந்தார். "லைன்ல இருக்கா! லைன்ல இருக்கா!"

போனில் சித்தி. தலையில் கம்பளிக் குல்லாய், கண்ணுக்குக் கீழே கருப்பு. பனியால் மாற்று ஆட்கள் வர முடியாததால் இரண்டு நாளும் ஆஸ்பத்திரியிலேயே டூட்டி பார்த்திருக்கிறாள். சார்ஜர் வீட்டில் இருந்திருக்கிறது. இப்போதுதான் நடந்தே வந்து, போனுக்கு உயிர் கொடுத்து, வாசலில் நின்று கூப்பிடுகிறாள். அம்மா முதலில் ஸ்தோத்திரம் சொன்னாள், பிறகு திட்டினாள், பிறகு "சாப்பிட்டியா?" என்றாள். அதற்குள் எங்கிருந்தோ பிள்ளைகள் கூடிவிட்டார்கள்.

சித்தி போனைத் திருப்பினாள். ஐயோ, அந்தக் காட்சி! கார்கள் எல்லாம் வெள்ளை மேடுகள். வேலியைக் காணவில்லை. வெயில் பட்டு ஊரே கூசியது. என் குற்ற உணர்ச்சி எல்லாம் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை.

"சித்தி, பொம்மை செய்யுங்க!"

"எலே, பொடிப்பனிலே! நிக்காது" என்று பொடிக்கட்சி கூவியது.

சித்தி குனிந்து இரண்டு கையாலும் அள்ளி அமுக்கினாள். விரலைத் திறந்ததும் பொலபொலவென்று உதிர்ந்தது. மறுபடி அள்ளினாள். மறுபடி உதிர்ந்தது. மாமா எழுந்து நின்றுவிட்டார். எனக்கு அழுகை முட்டியது.

"இரு" என்ற சித்தி உள்ளே போய், ஒரு பாத்திரத்தில் வெந்நீரோடு வந்தாள். பனியில் தெளித்து, புட்டுக்கு மாவு விரவுவது போல விரலால் விரவினாள். அமுக்கினாள். நின்றது! எங்கள் வீட்டில் எழுந்த சத்தத்தில் தெரு நாய்கள் குரைத்தன.

"வெந்நீ ஊத்துனா கள்ளாட்டம்" என்று மாமா வாதாடினார். யார் கேட்டார்கள்?

ஒன்றரை சாண் உயரத்தில் பொம்மை எழும்பியது. கண்ணுக்கு இரண்டு கிராம்பு. சித்தியின் கை சிவந்து போயிருந்தது.

"போதும்டி, உள்ள போ. ரெண்டு நாளாத் தூங்கல நீ" என்றாள் அம்மா.

"இருக்கா. புள்ளைக பாக்கட்டும்."

பொம்மைக்குக் கை வைத்தாள். பிறகு ஒவ்வொரு பிள்ளையாகப் பெயர் கேட்டாள். பரீட்சை எப்போது என்றாள். மல்லாங்கிணறு அத்தை வீட்டு மாடு கன்று போட்டதா என்றாள். அம்மா மறுபடி உள்ளே போகச் சொன்னாள். "போறேன்" என்றவள், பொம்மைக்குப் பக்கத்தில் படியில் பனியைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தே விட்டாள். இன்றைக்கு உங்கள் வீட்டில் என்ன குழம்பு என்றாள். ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். பிள்ளைகள் ஒவ்வொருவராகக் கலைந்துவிட்டார்கள். அவள் மூக்கு நுனிகூடச் சிவந்திருந்தது. அவள் பின்னால் வீட்டுக் கதவு பாதி திறந்திருந்தது; உள்ளே விளக்கு எரியவில்லை.

எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். பனியைத் திட்டிக்கொண்டிருந்த சித்தியே இப்போது பனியை விட்டு எழுந்திருக்க மாட்டேன் என்கிறாளே!

"பாத்தீகளா மாமா, சித்திக்கும் பனி பிடிச்சுப் போச்சு. இனிமே எங்க கட்சி" என்றேன்.

எதற்கும் மறுபேச்சு வைத்திருக்கும் மாமா போனை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டு, அங்கே காற்று எப்படி அடிக்கிறது, வானம் எந்தப் பக்கம் வெளுத்திருக்கிறது என்று, தனக்கு ஏற்கெனவே தெரிந்த சங்கதிகளையே சித்தியிடம் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அம்மாவும் அதற்குப் பிறகு உள்ளே போ என்று சொல்லவில்லை. நான் மட்டும் வெற்றிச் செய்தியைச் சொல்லத் தெருவுக்கு ஓடினேன்.