யார் வாசலில் போடட்டும்?

அறுபதுகளில் சிங்கப்பூரில், தேக்காவின் ஒரு சந்தில் மளிகைக் கடை வைத்திருந்தேன். கார் நிறுத்த இடம் குறிக்க அரசாங்க அதிகாரி ஒருவர் வந்தார். ஒல்லியான தமிழர், காதில் பென்சில். யார் கத்தினாலும் குனிந்து அளந்துகொண்டே இருப்பார். எனக்கு எரிச்சலாக வந்தது.

"என் வாசல்ல கார் நின்னா மூட்டை எப்படி சார் இறக்குறது?"

அவர் நிமிர்ந்தார். "உங்க வாசல் வேணாம், சரி. யார் வாசல்ல போடட்டும்? சொல்லுங்க லா, எழுதிக்கிறேன்."

எதிரே பூக்கடைக்காரம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் யார் வாசலையும் சொல்லாமல் கடைக்குள் போய்விட்டேன்.

எல்லாக் கடையிலும் அதையே கேட்டாராம். மறுவாரம் என் வாசலில்தான் வெள்ளைக் கோடு விழுந்தது. பல வருஷம் தெருமுனையிலிருந்து மூட்டை சுமந்தேன். ஒவ்வொரு தடவையும் அவரைத் திட்டினேன். மற்றவர்கள் யார் வாசலைச் சொன்னார்கள் என்று அவரிடம் கேட்க இன்றும் ஆசை.