அணையின் மேல் நின்ற பாண்டி

சூடேறிய வயரும் அழுகத் தொடங்கிய திராட்சையும் கலந்த ஒரு வாடை உண்டு. கம்பத்தில் நாங்கள் பழியாய்க் கிடந்த பிரவுசிங் சென்டரின் வாடை அது. பக்கத்துக் கடை திராட்சை மண்டி, நடுவில் வெறும் தட்டிச் சுவர் என்பதால் அங்கே பெட்டி அடுக்கும் சத்தமும் இங்கே துப்பாக்கி வெடிக்கும் சத்தமும் நாள் முழுக்க ஒன்றாகவே கேட்கும். பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்த அந்தக் கோடை விடுமுறையில் நானும் பாண்டியும் ஜெயராஜும் வீட்டில் இருந்ததைவிட அங்கே இருந்ததுதான் அதிகம்.

நாங்கள் ஆடிய விளையாட்டில் சரித்திரம் வேறு மாதிரி நடந்திருந்தது. உலகப் போரில் தோற்றவர்கள் அதில் ஜெயித்துவிட்டார்கள்; பாதி உலகம் அவர்கள் கையில்; எதிர்த்து நிற்பவை மலைக்குள் ஒளிந்திருக்கும் சின்னச் சின்னப் படைகள். அப்படியொரு மூவர் படைதான் நாங்கள், சென்டர் வைத்திருந்த அண்ணாச்சியின் வார்த்தையில் "செட்டு". நான் முன்னால் போகிறவன், பாண்டி தூரத்திலிருந்து குறிபார்த்துச் சுடுகிறவன், ஜெயராஜ் வெடி வைக்கிறவன். ஒருவன் விழுந்து, மற்றவர்கள் ஓடிப்போய்த் தூக்காவிட்டால் மூவருக்கும் ஆட்டம் முடிந்தது.

ஜெயராஜின் வீட்டில் திராட்சைத் தோட்டம் கையைவிட்டுப் போய், ஜூன் பிறந்ததும் எல்லோரும் திருப்பூருக்குக் கிளம்புவதாக இருந்தார்கள். "போறதுக்குள்ள கடைசி லெவல முடிச்சுப் பாத்துரணும்லே" என்பது மட்டும்தான் அவன் எங்களிடம் கேட்டது. பிரிவைப் பற்றி அதற்குமேல் பேச எங்களுக்கு வராது.

அந்தக் கடைசி லெவலில்தான் வந்தது வினை. இரண்டு மலைகளுக்கு நடுவே ஓர் அணை, கீழே பள்ளத்தாக்கு வழியாக ஏறி வரும் எதிரியின் டாங்கிகள். அணையை உடைத்துவிட்டால் அத்தனையும் அடித்துக்கொண்டு போய்விடும், ஜெயம். உலகத்தில் இதை ஆடிய மற்ற பையன்களெல்லாம் யோசிக்காமல் பொத்தானை அமுக்கியிருப்பார்கள். எங்கள் பக்கம் அப்படியில்லை. காலையில் இரண்டு பேர் பார்த்துக்கொண்டால் "அணை எத்தன அடி?" என்று நீர்மட்டம் கேட்டுத்தான் பேச்சே தொடங்கும், ஜூனில் அணையிலிருந்து தண்ணீர் திறந்தால்தான் பாண்டி வீட்டு வயலில் முதல் போகம்.

அன்றைக்குப் பார்த்து, மகனைத் தேடிக்கொண்டு பாண்டியின் அம்மா வந்தார். வைய வந்தவர் திரையைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"ஏலே, இது எந்த ஊரு அணை? இம்புட்டு நெறஞ்சு கெடக்கு!"

"இத ஒடச்சாத்தான் அத்தை ஜெயிக்க முடியும்" என்றான் ஜெயராஜ்.

"ஒடைக்கிறதா? கீழ நாத்துப் பாவிருப்பாகளேப்பா!"

நாங்கள் சிரித்தோம், பாண்டி சிரிக்கவில்லை. அவனுக்கு அது உறைத்துவிட்டது. மறுநாளிலிருந்து, அணையைத் தொடாமல் டாங்கிகளை ஒவ்வொன்றாகச் சுட்டே ஜெயித்துவிடலாம் என்று ஒற்றைக்காலில் நின்றான். நாங்களும் சுட்டோம். சுடச் சுட வந்துகொண்டே இருந்தன. அப்படி ஜெயிக்க நினைக்கும் ஒருவன் இருப்பான் என்று விளையாட்டைச் செய்தவர்களுக்குத் தோன்றவே இல்லை போலும்.

திருப்பூருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் ஜெயராஜ் எங்களைக் கேட்காமலே வெடியை வைத்துவிட்டான். பாண்டி தன் சிப்பாயை மெல்ல நடத்திக்கொண்டு போய் அணையின் மேல் நிறுத்தினான்.

"இறங்குலே பாண்டி."

"மாட்டேன். கீழ ஆளுக இருப்பாக."

"நாளைக்கு நான் இங்கன இருக்க மாட்டேன்லே."

பாண்டி இறங்கவில்லை. ஜெயராஜ் கொஞ்ச நேரம் பொத்தான்மேல் விரலை வைத்திருந்தான். பிறகு ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டே வெளியே போனான். எனக்கு இரண்டு பேர்மேலும் கோபம் வந்தது.

இப்போது அந்தச் சென்டரும் இல்லை, மண்டியும் இல்லை. இரண்டையும் சேர்த்து இடித்து ஒரு செல்போன் கடை. நான் சொட்டுநீர்க் குழாய் விற்கிறேன். கடையைச் சாத்திவிட்டு வந்தால் பேசக்கூடத் தெம்பிருப்பதில்லை. போன வாரம் அப்படிச் சாய்ந்து கிடந்து போன் திரையைத் தள்ளிக்கொண்டிருந்தபோது, யாரோ அந்தக் கடைசி லெவலை ஆடிக்காட்டும் வீடியோ வந்தது. அணை உடைந்தது, டாங்கிகள் போயின, கொடி ஏறியது. கீழே வயல் இல்லை, வீடு இல்லை, ஓர் ஆள்கூட இல்லை. வெறும் பாறையைத்தான் வரைந்திருந்தார்கள்.

ஜெயராஜுக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

"தெரியும்ல. வந்த வருசமே இங்கன, ஒங்களுக்குப் பதிலா கம்ப்யூட்டரே ஆட்டுற ஆளுகள வச்சு ஒடச்சுப் பாத்துட்டேன். ஒண்ணுமே இல்ல, சப்புன்னு போச்சு. பாண்டிட்ட சொல்லிராத."

சொல்லவில்லை. அம்மாவின் வைத்தியத்துக்காகப் பாண்டி வயலை விற்று வருடங்கள் ஆகின்றன, அம்மாவும் போய்விட்டார். அங்கே இப்போது நாற்று இல்லை, மஞ்சள் பெயின்ட் அடித்த பிளாட் கற்கள்தான் வரிசையாக நிற்கின்றன. ஆனாலும் காலையில் டீக்கடையில் நான் பேப்பரைப் பிரித்ததும் அவன் கேட்பது அதே "அணை எத்தன அடி?"தான். நேற்றும் கேட்டான், நானும் பார்த்துச் சொன்னேன்.

"பரவால்லையே" என்றான் பாண்டி, டீயை ஆற்றிக்கொண்டே. "நாத்துப் பாவ ஆரம்பிச்சிருவாக."