மடித்த போர்வை

நகரி ஊர்க்காரர் பாலையா, திருப்பதியில் பல்கலைக்கழக ஆண்கள் விடுதி வாசலில் பதினெட்டு வருஷமாக இஸ்திரி வண்டி வைத்திருக்கிறார். துணி மாறாமலிருக்க ஒவ்வொரு பையனுக்கும் ஒரு நிறம்; ஊரில் தறிக்காரர்கள் கழித்துப்போடும் நூலைக் கொண்டுவந்து காலருக்குள் ஒரு தையல் போடுவார். அவருக்குப் பெயர் நினைவில் நிற்காது, நிறம் நிற்கும்.

சில மாசம் முன்பு மனநல ஆலோசகர் உதயா மேடம், விடுதிப் பக்கம் வேலை செய்கிறவர்களைக் கூப்பிட்டு ஒரு மணி நேரம் பேசினார். பாலையா அங்கே கொடுக்கும் டீ, பன்னுக்காகப் போனார். “சந்தேகம் வந்தா நேராக் கேளுங்க. தனியா விடாதீங்க” என்றது மட்டும் காதில் தங்கியது. மேடத்தின் போன் எண் எழுதிய சீட்டை வண்டிக் கூரையில் செருகி வைத்தார்.

அடுத்த மாசம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் பச்சை நூல் வந்தான். பிச்சாட்டூர் பையன் ஹேமநாத், எம்.எஸ்சி. கடைசி வருஷம். கையில் பதினொரு சட்டை.

“தேச்சு யாருக்காவது குட்துடுண்ணா. நூலைப் பிரிச்சிடு.”

“நீ இன்னா போட்டுக்குவ?”

“எனக்கு வேணாம்.”

“ஊருக்குப் போறியா?”

“இல்ல.”

பாலையா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். “சாவலாம்னு இருக்கியா?”

ஹேமநாத் சட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். “கொஞ்ச நாளா” என்றான்.

“சரி. இந்தப் போர்வைய அந்தப் பக்கம் புடி. ஒத்த ஆளா மடிக்க முடியல.”

பதினெட்டு வருஷமும் ஒற்றை ஆளாகத்தான் மடித்தார். ஒரு கையில் போர்வை, மறு கையில் போன். “மேடம், பையன் ஒருத்தன் எங்கூட போர்வ மடிச்சிக்கினு கீறான். வண்டிகிட்ட வாங்க, சீக்கிரம்.”

தேய்க்க வந்திருந்த ஒன்பது போர்வையும் மடித்துத் தீர்ந்தது. மேடம் வரவில்லை. பாலையா முதல் போர்வையை உதறி நீட்டினார்.

“இது இப்ப மடிச்சதுதானேண்ணா?”

“கோணலா மடிச்ச. புடி.”

மூன்றாம் சுற்றில் ஹேமநாத், “நேராத்தாண்ணா இருக்குது” என்றான்.

“தேய்க்கிறவன் நீயா, நானா?”

ஸ்கூட்டரில் உதயா வந்து இறங்கும்போது இருவருக்கும் கை வலித்தது. ஹேமநாத் அவர் பின்னால் ஏறிப் போனான். அன்றைக்கே ஊரிலிருந்து அவன் அம்மா வந்தாள்.

ஐந்து வாரம் கழித்துத் திரும்பி வந்தான். பதினொரு சட்டையும் அப்படியே இருந்தன.

“யாருக்கும் குடுக்கலியாண்ணா?”

“எவனுக்கும் அளவு ஒத்துவரல.”

காலரைத் திருப்பிப் பார்த்தான். பச்சை நூல் இருந்தது.

“மேடத்தப் பாக்குறியா?”

“வாரம் ஒரு தபா.”

“சோறு துன்றியா?”

“துன்றேன்.”

“அப்ப அந்தப் பக்கம் புடி.”

ஹேமநாத் போர்வையைப் பிடித்தான். இந்தத் தடவை உண்மையிலேயே கோணலாக மடித்தான்.